கீழே போய்ப் பார்த்துக்கலாம்!

கொடைக்கானலில் யாருக்கு அடிபட்டாலும், சுற்றி நிற்கும் கூட்டத்தில் ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். "மொதல்ல கீழ கொண்டு போயிருங்க. மத்ததெல்லாம் கீழ போய்ப் பார்த்துக்கலாம்."

அக்கறையோடுதான் சொல்கிறார்கள். பெரிய டாக்டர், பெரிய ஆபரேஷன் தியேட்டர், ரத்த வங்கி எல்லாம் கீழேதானே? தலையில் அடி, வயிற்றுக்குள் ரத்தக் கசிவு என்றால் அந்த அவசரம் நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும் கால் ஒன்று இருக்கிறதே, அதற்கு இந்த வாக்கியம் பாதிதான் சரி. ஆளைக் கீழே கொண்டு போக வேண்டும், சரி. ஆனால் "மத்ததெல்லாம்" என்று மூட்டை கட்டித் தள்ளிப் போடும் சாமான்களில் ஒன்று மட்டும் மலையிலேயே நடந்தாக வேண்டும். அது ஒரு ஊசி. முதல் டோஸ் ஆன்டிபயாடிக்.

"ஒரு ஊசிக்கு இவ்வளவு பில்டப்பா?" என்று கேட்கலாம். கணக்கைப் பார்த்தால் புரியும்.

ஒரு மாலை நேரத்துக் கணக்கு

கற்பனையாக ஒரு ஆளை எடுத்துக்கொள்ளலாம். மன்னவனூர் பக்கம் பூண்டுத் தோட்டத்தில் வேலை முடித்து பைக்கில் திரும்புகிறார். மூடுபனி. வளைவில் ஒரு காட்டுமாடு. பைக் சரிகிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு (டிபியா) முறிந்து வெளியே தெரிகிறது. மணி மாலை 4.

யாரோ பார்த்து, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு ஓடி, 108-க்குச் சொல்லி, வண்டி வந்து, கொடைக்கானல் டவுனுக்கு வந்து சேர மணி 6. கட்டுப் போட்டு, டிடி ஊசி போட்டு, வலிக்கு மருந்து கொடுத்து, சீட்டு எழுதி, மறுபடி வண்டி ஏற்ற 6.45. திண்டுக்கல் சுமார் 95 கிலோமீட்டர், மதுரை சுமார் 120. வழியில் கொண்டை ஊசி வளைவுகள். சீசன் கூட்டம் வேறு. மதுரையில் இறங்கும்போது இரவு 10. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, சீட்டு, படுக்கை... முதல் ஆன்டிபயாடிக் ரத்தத்தில் ஏறும்போது மணி 11.

ஏழு மணி நேரம்! அந்த ஏழு மணி நேரமும் மண், சாணம், கிழிந்த பேண்ட் நூல் எல்லாம் எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. கிருமிகள் யாருக்காகவும் காத்திருக்காது. "கீழே போய்ப் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு அவற்றுக்குத் தெரியாது.

2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நல்ல விஷயம். 'கீழே' என்பது கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறது. ஆனால் எவ்வளவு பக்கத்தில் வந்தாலும், மலைப்பாதை இருக்கும் வரை அது ஒரு மணி நேரத்துக்குள் வராது.

எலும்பு கல் இல்லை

பலருடைய மனதில் எலும்பு என்றால் ஏதோ கல் மாதிரி. "எலும்புக்குள்ள மருந்து எப்படிங்க போகும்?" என்று படித்தவர்களே கேட்பதுண்டு. போகும். எலும்பு உயிருள்ள திசு. அதன் கெட்டியான வெளிச்சுவருக்குள்ளும் முடி போன்ற கால்வாய்கள் ஓடுகின்றன. அவற்றில் ரத்தக் குழாய்கள். உள்ளே மஜ்ஜைப் பக்கத்திலிருந்து ஒரு சப்ளை, வெளியே எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு, அதை ஒட்டிய தசை வழியாக இன்னொரு சப்ளை.

நரம்பு வழியாக ஏற்றிய மருந்து ரத்தத்தோடு போய், குழாயிலிருந்து கசிந்து, திசுநீரில் கலந்து, கிருமி இருக்கும் இடத்தை அடைகிறது. செஃபசோலின் போன்ற மருந்துகள் எலும்பில் சேரும் அளவு ரத்தத்தில் உள்ளதை விடக் குறைவுதான். தோராயமாக ஐந்தில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு என்ற ரேஞ்சில் ஆய்வுகள் சொல்கின்றன. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 2 கிராம் ஏற்றினால் ரத்தத்தில் அது அவ்வளவு உயரத்துக்குப் போகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கே சாதாரண ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியை அடக்கப் போதும்.

ஒரே நிபந்தனை: ரத்த ஓட்டம் இருக்க வேண்டும். முறிந்த எலும்பில் உள்சப்ளை அறுந்துவிடுகிறது. சவ்வும் தசையும் உரிந்தால் வெளிச்சப்ளையும் போச்சு. இரண்டும் போன எலும்புத் துண்டு செத்த துண்டு. அதற்குள் எந்த மருந்தும் போகாது. அதோடு கிருமிகள் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பசை போல ஒரு படலம் (பயோஃபிலிம்) கட்டிக்கொண்டால், மருந்து பக்கத்தில் வந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் அந்த இடத்தைக் கத்தியால்தான் சுத்தம் செய்ய வேண்டும். மாதக்கணக்கில் சீழ், மறுபடி மறுபடி ஆபரேஷன், கடைசியில் சிலருக்குக் கால் எடுப்பது... எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆக, கிருமி ஒட்டுவதற்கு முன்னால், ரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் திசுக்களில் மருந்து நிறைந்திருக்க வேண்டும்.

நேரம்தான் மருந்து

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1961-லேயே ஜான் பர்க் என்ற அமெரிக்க அறுவை நிபுணர் கினிப் பன்றிகளின் தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸை ஏற்றிப் பார்த்தார். கிருமிக்கு முன்பே, அல்லது கூடவே மருந்து கொடுத்தால் புண் பெரிதாகவில்லை. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது மருந்து கொடுத்தும் கொடுக்காததற்குச் சமம்!

மனிதர்களில்? 1992-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2,847 அறுவை நோயாளிகளைப் பார்த்தார்கள். கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் பெற்றவர்களில் 0.6 சதவீதம் பேருக்குக் காயத்தில் தொற்று. அதற்கும் ரொம்ப முன்னாலேயே கொடுத்துவிட்டவர்களில் 3.8 சதவீதம். வெட்டி மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தவர்களில் 3.3 சதவீதம். இரண்டு பக்கமும் அடி! மருந்துகளின் பட்டியலை விட்டுவிட்டு, கடிகாரத்தை வைத்தே இவ்வளவு வித்தியாசம். இன்று திட்டமிட்ட எலும்பு ஆபரேஷன்களில் 60 நிமிடத்துக்குள் முதல் டோஸ், டூர்னிக்கே கட்டி ரத்தத்தை நிறுத்துவதற்கு முன்பே அது உள்ளே போயிருக்க வேண்டும், ஆபரேஷன் நான்கு மணி நேரம் தாண்டினால் இன்னொரு டோஸ் என்றெல்லாம் விதி வைத்திருப்பது இதனால்தான்.

விபத்துக் காயத்தில் கத்தி வைக்கும் நேரம் எது? ரோட்டில் விழுந்த நேரம்தான். தார்ரோடுதான் கத்தி! அந்த நிமிடத்திலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது.

1974-ல் பட்ஸாகிஸ் குழுவினர் தோல் கிழிந்த எலும்பு முறிவுகளில் செய்த ஒப்பீடு பிரபலமானது. ஆன்டிபயாடிக் இல்லாதவர்களில் 13.9 சதவீதம் பேருக்குத் தொற்று. செஃபலோதின் பெற்றவர்களில் 2.3 சதவீதம். அதே பட்ஸாகிஸ் 1989-ல் 1,104 முறிவுகளைப் பார்த்தபோது, மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 4.7 சதவீதம், அதற்குப் பிறகு பெற்றவர்களில் 7.4 சதவீதம். 2015-ல் மோசமான டிபியா முறிவு கொண்ட 137 பேரை வைத்து வந்த அமெரிக்க ஆய்வு இன்னும் கறாரானது. விபத்து நடந்து 66 நிமிடம் தாண்டினாலே தொற்று அபாயம் ஏறுகிறது என்றது அது.

66 நிமிடம்! மன்னவனூர்க்காரர் அப்போது கொடைக்கானல் டவுனுக்கே வந்திருக்க மாட்டார்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லா ஆய்வுகளும் இப்படி ஒரே குரலில் பேசவில்லை. நேரத்துக்கும் தொற்றுக்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை என்ற ஆய்வுகளும் உண்டு. காயத்தின் கொடூரம்தான் எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் என்பதும் உண்மை. ஆனால் காயத்தின் கொடூரத்தை யாராலும் மாற்ற முடியாது. ஊசி போடும் நேரத்தை மாற்ற முடியும். பிரிட்டனின் எலும்பு மருத்துவர் சங்க விதிமுறை "கூடிய சீக்கிரம், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள்" என்று சொல்வது இதையெல்லாம் படித்துப் பார்த்த பிறகுதான்.

"பெரிய மருந்து" மாயை

முதல் மணி நேரத்தில் காட்டாத அக்கறை, கீழே போன பிறகு வேறு ரூபத்தில் பீறிட்டுக் கிளம்பும். "நல்ல மருந்தா போடுங்க டாக்டர், காசு பத்திக் கவலை இல்ல." உடனே மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை என்று ஒவ்வொன்றாக இறங்கும். "இது எலும்புக்குள்ள நல்லாப் போகும் சார்" என்று வழவழ காகிதத்தில் ஒரு வரைபடம் காட்டுவார் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி.

அந்த வரைபடத்தில் உள்ள எண் எப்படி வந்தது என்று யாராவது கேட்டதுண்டா? பெரும்பாலும் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனில் வெளியே எடுத்த எலும்பை அரைத்துத் தூளாக்கி, அதில் உள்ள மருந்தை அளந்தது. அதாவது ரத்த ஓட்டம் அறுபடாத ஒரு பெரியவரின் இடுப்பு எலும்பு. அரைக்கும்போது கூடவே ரத்தமும் கலந்துவிடும், எண் மாறிவிடும். சிதறிக் கிடக்கும் டிபியாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? செத்த துண்டுக்குள் போக "நல்லாப் போகும்" மருந்துக்கும் வழி கிடையாது.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் 2006-ல் உருவாக்கிய மதிப்பெண் முறை இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. அதில் தோல்-தசைக்கு எவ்வளவு சேதம், எலும்புக்கு எவ்வளவு சேதம் என்று தனித்தனியாக மார்க். கூடவே, காயத்தைச் சுத்தம் செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் ஆனால் 2 மார்க், சாக்கடை அல்லது பண்ணை அழுக்கு கலந்திருந்தால் இன்னொரு 2. (இந்தப் பரீட்சையில் மார்க் ஏற ஏறக் கெடுதல். 14-க்குள் இருந்தால் காலைக் காப்பாற்ற முயலலாம், 17-ஐத் தாண்டினால் பெரும்பாலும் எடுக்க வேண்டிவரும்.) கவனித்தால் தெரியும், காலின் தலைவிதியை எழுதும் அந்தப் பட்டியலில் மருந்தின் பிராண்டுக்கு இடமே இல்லை. தோலும் தசையும் நேரமும் அழுக்கும்தான் இருக்கின்றன. நல்ல தசையால் சீக்கிரம் மூடினால் அந்தத் தசை ரத்தத்தைக் கொண்டுவரும்; ரத்தம் மருந்தைக் கொண்டுவரும்.

அடுத்த கூத்து, நாட்கணக்கு. ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஊசி, பிறகு பத்து நாள் மாத்திரை. சுத்தமான, திட்டமிட்ட ஆபரேஷன் முடிந்த பிறகு தடுப்பு ஆன்டிபயாடிக்கை நீட்டிக்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. திறந்த முறிவுகளில் சாதாரண ரகத்துக்குக் காயம் மூடி 24 மணி நேரம், மோசமான ரகத்துக்கு மூன்று நாள் வரை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நாளும், எஞ்சியிருக்கும் கிருமிகளுக்கு அந்த மருந்தைச் சமாளிக்க நடத்தும் டியூஷன். 2019-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக இறந்தார்கள் என்பது லான்செட் இதழில் வந்த மதிப்பீடு.

மலையில் ஒரு டோஸுக்குத் தயங்குவது, சமவெளியில் இருபது டோஸ் கொட்டுவது. தேவைப்படும்போது இல்லை, தேவையில்லாதபோது வெள்ளம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர்க் கதை மாதிரி இருக்கிறது.

ஆட்சேபணைகள்

முதல் ஆட்சேபணை: "அலர்ஜி ஆகிவிட்டால்?" நியாயமான கேள்வி. ஆனால் அலர்ஜி கீழே போட்டாலும் வரும், மேலே போட்டாலும் வரும். முன்பு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்க வேண்டும், பக்கத்தில் அட்ரினலின் இருக்க வேண்டும், பயிற்சி பெற்றவர் போட வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பயத்துக்கு மருந்து கிடைத்துவிட்டது.

இரண்டாவது: "மலையில் அந்த மருந்துக்கு எங்கே போவது?" செஃபசோலின் அரிய வஸ்து இல்லை. பல்லாண்டு பழசு, விலை ஒரு ஓட்டல் சாப்பாட்டுக்கு மேல் போகாது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கடைக்கோடி சுகாதார நிலையம் வரை மருந்து கொண்டுபோய்ச் சேர்த்து இந்தியாவுக்கே முன்மாதிரி ஆனது. 2008 செப்டம்பரிலிருந்து 108 ஓடுகிறது. 2021 டிசம்பரில் வந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது. 48 மணி நேரத்துக்குச் செலவு செய்யும் அரசால், அதில் முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு குப்பி வைக்க முடியாதா?

மூன்றாவது: "ரோடே இல்லாத ஊருக்கு என்ன செய்வது?" இதுதான் உண்மையிலேயே கடினமான கேள்வி. வெள்ளகவி மாதிரியான ஊர்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த வரலாறு எல்லோருக்கும் தெரிந்தது. அங்கே ஊசி போட ஆள் வருவதற்கே மணிக்கணக்கு. இதற்கு விடை ராணுவத்திடம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதமாகும் களத்தில், திறந்த காயம் பட்டு, விழுங்க முடிகிற நிலையில் உள்ள வீரருக்கு மாக்ஸிஃப்ளாக்ஸசின் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை அங்கேயே கொடுப்பது அமெரிக்க ராணுவ வழிமுறை. அந்த வகை மருந்து வாய்வழியாகக் கொடுத்தாலும் எலும்புக்கும் தசைக்கும் நன்றாகவே போகிறது. ஒரு கிராம சுகாதாரச் செவிலியர், போனில் டாக்டர் சொல்ல, பூட்டிய பெட்டியிலிருந்து ஒரே ஒரு மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்வது ராக்கெட் விடும் வேலை இல்லை. போர்க்களத்துச் சிப்பாய்க்குக் கிடைப்பது பூண்டுத் தோட்டத்துக் கூலிக்காரருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

கம்பளியும் துண்டும்

ஊசி போட்டால் மட்டும் போதாது. அது காயத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். ரத்தம் இழந்து, ஈர உடையோடு, குளிரில் கிடப்பவரின் உடம்பு கை கால்களின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது மருந்தும் உள்ளேயே நின்றுவிடும். 1996-ல் 200 குடல் அறுவை நோயாளிகளிடம் செய்த ஆய்வில், உடல் குளிர்ந்தவர்களில் 19 சதவீதம் பேருக்குக் காயத் தொற்று. கதகதப்பாக வைக்கப்பட்டவர்களில் 6 சதவீதம். இரு தரப்புக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தும் இந்த வித்தியாசம்! குடல் வேறு, கால் வேறுதான். ஆனால் ஈர உடையை மாற்றி ஒரு கம்பளி போர்த்துவதால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

அடுத்தது துண்டு. ரத்தம் வந்தால் தொடையில் துண்டை முறுக்கி இறுக்கிக் கட்டுவது ஊர் வழக்கம். பீய்ச்சி அடிக்கும் ரத்தம் எதற்கும் நிற்காவிட்டால் உயிர் காக்க அது வேண்டியதுதான். ஆனால் பெரும்பாலான காயங்களுக்குச் சுத்தமான துணியை மேலே வைத்து அழுத்தினாலே போதும். தேவையில்லாமல் கட்டிய துண்டு மூன்று மணி நேரம் மலையிறங்கினால், ரத்தமும் போகாது, ஊசியில் போட்ட மருந்தும் போகாது. எலும்பு வெளியே தெரியும் காயத்தில் பச்சிலை, காப்பித்தூள், மஞ்சள் வைத்துக் கட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கேட்பது பெரிதல்ல

மலையில் முதலில் பார்க்கும் இடத்திலேயே, எலும்பு வெளியே தெரிந்தால் முதல் டோஸ். அது ஒரு டாக்டரின் ஞாபக சக்தியைப் பொறுத்து இருக்கக் கூடாது. கீழே அனுப்பும் சீட்டில் ஒரு கட்டம்: என்ன மருந்து, எத்தனை மணிக்கு. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் வண்டி கிளம்பக் கூடாது. போட எடுக்கும் நேரம் ஐந்து நிமிடம். 108-ல் ஒரு குப்பி, போடப் பயிற்சி, போனில் டாக்டரின் அனுமதி. கீழே இருப்பவர்கள் அந்தச் சீட்டைப் படித்து அடுத்த டோஸை நேரத்துக்குப் போட வேண்டும். பிறகு நேரத்துக்கு நிறுத்தவும் வேண்டும்.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு ஏறும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். எந்த வண்டி, எத்தனை பேர், எந்தத் தேதி என்று எல்லாம் பதிவாகிறது. ஏறி வரும் வண்டிக்கு இவ்வளவு கணக்கு வைக்கும் மலையில், இறங்கிப் போகும் ஒரு காலுக்கு ஒரே ஒரு வரி கணக்கு வைக்கச் சொல்வது அதிகமா?

அடுத்த முறை கூட்டத்தில் யாராவது "கீழ போய்ப் பார்த்துக்கலாம்" என்றால், பக்கத்தில் நிற்பவர் ஒருவராவது கேட்கட்டும்: "ஊசி போட்டாச்சா? எத்தன மணிக்கு?"

பி.கு.: இதைப் படித்துவிட்டு யாரும் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மலையேற வேண்டாம். எந்த மருந்து, யாருக்கு, எவ்வளவு என்பது டாக்டரின் வேலை. கேள்வி கேட்பது மட்டும்தான் மற்றவர்கள் வேலை.